கலப்பையும் நங்கூரமும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்ன தலைப்பு போடலாம் என்று செயலாளர் போனில் கேட்டார். "நங்கூரம்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சார், நம்ம ஊர்லேருந்து கடலைப் பார்க்கவே நூறு கிலோமீட்டர் போகணுமே"ன்னு இழுத்தார்.

இன்றைய கணக்குக்கு அவர் சொன்னது சரிதான். பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தைய கணக்கில் பார்த்தால், நாம் உட்கார்ந்திருக்கும் இந்த வட்டாரத்தில் பெரும்பகுதி கடலுக்கு அடியில். இங்கே நிலவியல் படித்தவர்களுக்கு இது புதுசில்லை. காரைப் பக்கம் களிமண் ஓடைகளில் குனிந்து தேடினால் கடல் உயிரினங்களின் எச்சம் கையில் கிடைக்கும். அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கங்களில் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட் ஓடுகள் வருகின்றன. 1862-லேயே பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளைப் பற்றி எழுதிவிட்டார். நம் சிமெண்ட் ஆலைகள் அரைத்து மூட்டை கட்டுவது பழைய கடலடியைத்தான். சாத்தனூரில் 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் அடையாளம் கண்ட கல்மரம், பதினெட்டு மீட்டர் நீளம், அதுவும் கடல் சேற்றில் புதைந்து கல்லானதுதான். அத்தனை காலம் அந்த மரத்தைப் பிடித்து வைத்திருந்தது சேறு. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வேலைக்கு வரும்.

கடல் விலகிப் போனாலும் நமக்கும் அதற்கும் இரண்டு கயிறு இன்னும் இருக்கிறது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். ரெண்டு மாவட்டமாகி, 2002-ல் மறுபடி ஒன்றாகி, 2007-ல் திரும்பவும் ரெண்டான நம்ம ஊர்களுக்கு இந்த ரெண்டு ஆறும் எப்போதும் ரெண்டு ஓரம். வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. கொள்ளிடம் அதற்குத் தெற்கே. இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில் இருப்பதுதான் பிச்சாவரம். அங்கே உல்லாசப் படகில் போகும்போது துடுப்பில் ஒட்டுகிற சேற்றில் நம்ம ஊர் மண்ணும் கொஞ்சம் இருக்கும்.

இங்கே படித்து வெளியே போன பிறகு எனக்கு வாய்த்த வேலை, கடலடியிலிருந்து மண் எடுத்துப் பார்ப்பது. பெரிய கப்பலில் இல்லை, வாடகைக்கு எடுத்த சின்னச் சின்னப் படகுகளில். மண் எடுக்க வேண்டுமானால் படகு ஓர் இடத்தில் நிற்க வேண்டும். அதனால் என் வாழ்நாளில் பாதி, நங்கூரம் போடுவதும் எடுப்பதுமாகவே கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பதினெட்டு அடி ஃபைபர் படகு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். மீன் பிடிக்க இல்லை, ஞாயிற்றுக்கிழமையில் சும்மா சுற்ற. இப்போது நிறையப் பேர் இப்படி வாங்குகிறார்கள். எஞ்சினுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் செலவு செய்வார்கள், பாட்டுப் பெட்டி வைப்பார்கள். நங்கூரம் என்று வந்தால், கடைக்காரர் கொடுத்ததைக் கொண்டுவந்து மூலையில் போட்டு வைப்பார்கள். அந்த மூலையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். நம் கிழக்குக் கரையில் ஒரு முகத்துவாரம். ஒரு வாடகைப் படகில் கல்லூரிப் பையன்கள் அஞ்சு பேர், ஓட்டுகிறவர் ஒருத்தர். நாங்கள் கொஞ்ச தூரத்தில் மண் எடுத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வற்றுகிற நேரம். அந்த நேரத்தில் முகத்துவாரத்தில் ஆறு முழுக்கக் கடலைப் பார்த்து இழுக்கும். வெளியே மணல் திட்டு மேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அவர்கள் எஞ்சின் நின்றுவிட்டது. ஓட்டுகிறவர் பதறாமல் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். அதில் குற்றமே சொல்ல முடியாது. நங்கூரமும் அடி வரைக்கும் போனது. ஆனாலும் படகு நிற்கவில்லை, கொஞ்சம் வேகம் குறைந்து போய்க்கொண்டே இருந்தது. எங்கள் படகோட்டி பெரியவர் பார்த்தார். "ஐயா, கயிறு பத்தலை, குத்திட்டு நிக்குது பாருங்க"ன்னார். சாம்பிளை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு விரைந்தோம். அலை உடைகிற இடத்துக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது கயிறு வீசிப் பிடித்தோம். பையன்களில் இரண்டு பேர்தான் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். அப்புறம் அந்த நங்கூரத்தை வாங்கிப் பார்த்தேன். நல்ல நங்கூரம், ஏழு கிலோ. கட்டியிருந்த பிளாஸ்டிக் கயிறு ஆறு மீட்டர். அங்கே ஆழம் நாலு மீட்டர்.

ஏழு கிலோ நங்கூரத்தால் ஏன் நிறுத்த முடியவில்லை? கனம்தான் படகை நிறுத்துகிறது என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். பழைய கட்டுமரத்தில் கல்லைக் கட்டி இறக்கினார்களே, அதற்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். கல் கனத்தால் மட்டுமே நிற்கும், அதிலும் தண்ணீருக்குள் போனதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கனத்தை இழந்துவிடும். இரும்பு நங்கூரத்தின் கணக்கே வேறு. அதற்கு மண்ணுக்குள் இறங்க வேண்டும். நம் தமிழில் "நங்கூரம் பாய்ச்சுதல்" என்கிறோமே, எவ்வளவு பொருத்தமான சொல் பாருங்கள். போட்டால் போதாது, பாய வேண்டும்.

இது எப்படி என்று புரிந்துகொள்ள நாம் கடலுக்குப் போக வேண்டியதில்லை. குன்னம் பக்கம் கரிசல் காட்டில் எங்க அப்பா ஏர் ஓட்டுவார். மரக் கலப்பை. தனியாகத் தூக்கினால் ஒரு ஆள் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிடலாம். அதே கலப்பை ஈர மண்ணில் இறங்கிவிட்டால் ரெண்டு மாடு மூச்சு வாங்கும். அந்தப் பிடி கலப்பையின் கனத்திலிருந்தா வருகிறது? கொழு மண்ணுக்குள் இருக்கிறது, மண் அதைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். ஏர்க்காலைத் தாழ்த்திப் பூட்டினால் கொழு ஆழமாகப் போகும். மேலே தூக்கிப் பூட்டினால் மண்ணைக் கீறிக்கொண்டு மேலாக ஓடும். ஆழ உழவா, மேலுழவா என்பதை அப்பா அந்தக் கோணத்தில்தான் வைத்திருந்தார். (டிராக்டர் தலைமுறைக்கு இது புரியவில்லை என்றால், வீட்டில் தாத்தா இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.)

நங்கூரம் என்பது தலைகீழ் உழவு. மாட்டுக்குப் பதில் படகு இழுக்கிறது. ஏர்க்காலுக்குப் பதில் கயிறு. கயிறு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்து இழுத்தால் கொழு இறங்கும், இழுக்க இழுக்க ஆழமாகும். குத்திட்டு நின்று இழுத்தால் கொழுவைப் பெயர்த்து மேலே கொண்டுவந்துவிடும். நாம் நங்கூரத்தை எடுக்கும்போது செய்வதே அதுதானே, நேர் மேலே போய் நின்று தூக்குகிறோம். அந்த வாடகைப் படகு நங்கூரத்தைப் போட்டபடியே எடுத்துக்கொண்டும் இருந்தது.

இப்படி நான் மட்டும் ஒப்பிட்டுச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இயற்பியல் மாணவர்களுக்கு ஜி.ஐ.டெய்லர் பெயர் தெரிந்திருக்கும், திரவ ஓட்டத்திலும் கொந்தளிப்பிலும் பெரிய மேதை. அவருக்குப் பாய்மரப் படகுப் பைத்தியம் உண்டு. 1927-ல் தன் சின்னப் படகிலேயே நார்வேயின் லோஃபோடன் தீவுகள் வரை போய்வந்தவர். 1933-ல் அவர் ஒரு நங்கூரம் கண்டுபிடித்தார். அன்றைக்குத் தண்ணீரில் இறங்கும் விமானங்கள் இருந்தன. அவற்றுக்குக் கனமில்லாத, ஆனால் நன்றாகப் பிடிக்கிற நங்கூரம் தேவைப்பட்டது. அவர் கொடுத்தது அச்சு அசல் கலப்பை. ஒரு தண்டு, முனையில் இரண்டு பக்கமும் மண்ணைத் தள்ளுகிற கொழு. அதற்கு சி.க்யூ.ஆர். என்று பெயர். இன்றைக்கும் உலகம் முழுக்க உல்லாசப் படகுகளில் அதைப் பார்க்கலாம். கேம்பிரிட்ஜ் மேதை வந்து சேர்ந்த இடத்தில் எங்க அப்பா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சரி, எந்த நங்கூரம் வாங்குவது? கீழே என்ன மண் என்று கேட்காமல் யாராவது பதில் சொன்னால் நம்பாதீர்கள். சேறு, களி, மணல் எல்லாவற்றிலும் கலப்பை நங்கூரம் சுமாருக்கு மேல் வேலை செய்யும். 2004-ல் நியூசிலாந்திலிருந்து வந்த ராக்னா போன்ற புது வகைகள் அதைவிடச் சீக்கிரம் இறங்கிப் பிடிக்கின்றன, விலை கூட. சுத்தமான மணல் என்றால் டான்ஃபோர்த் என்கிற தட்டை நங்கூரத்துக்கு ஈடில்லை. 1940 வாக்கில் அமெரிக்காவில் வந்தது, போரில் கரையேறு படகுகளுக்குப் பயன்பட்டது. கனம் குறைவு, மடக்கி வைக்கலாம். ஆனால் இழுப்புத் திசை மாறினால் சில சமயம் பெயர்ந்து, கல்லோ சிப்பியோ இடுக்கில் மாட்டி, மறுபடி இறங்காமல் சறுக்கிக்கொண்டே போகும். நம் கடற்கரையில் அதிகம் பார்ப்பது கம்பியை வளைத்துச் செய்த நாலு கொக்கி நங்கூரம். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி போடுவோமே, அதன் பெரியண்ணன். மீனவர்கள் பார் என்று சொல்கிற பாறைத் திட்டுகளில் அதுதான் சரி. கலப்பை அங்கே என்ன செய்யும்? சுண்ணாம்புச் சுரங்கத்தில் ஏர் ஓட்டின கதைதான். கொக்கி பாறை இடுக்கில் மாட்டும். ரொம்ப மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்க, கம்பி நிமிர்ந்து வெளியே வந்துவிடும். கரைக்கு வந்து மறுபடி வளைத்துக்கொள்ளலாம். அதே கொக்கியைச் சேற்றில் போட்டால் சோற்றில் கரண்டி இழுத்த மாதிரி வரும்.

மண்ணை எப்படித் தெரிந்துகொள்வது? பழைய மாலுமிகள் ஈயக் குண்டின் அடியில் குழி வைத்து, அதில் கொழுப்புத் தடவி இறக்குவார்கள். மணலோ சிப்பித் தூளோ ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றும் ஒட்டாமல் குண்டில் தழும்பு மட்டும் இருந்தால் கீழே பாறை. இன்றைக்குக் குண்டின் அடியில் துணி சோப்பை அழுத்தி வைத்தால் போதும், ஆழமும் தெரியும், மண்ணும் தெரியும். எதிரொலிக் கருவியெல்லாம் வந்துவிட்டாலும் நான் இதை விடவில்லை. கையில் மண்ணைத் தேய்த்துப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி, இந்தக் கல்லூரியில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

பதினெட்டு இருபது அடிப் படகுக்கு நங்கூரம் ஆறு ஏழு கிலோ போதும். அதற்கு மேல் செலவு செய்யப் பணம் இருந்தால் சங்கிலியிலும் கயிற்றிலும் போடுங்கள். நங்கூரத்துக்குப் பக்கத்தில் எட்டு மில்லிமீட்டர் சங்கிலி ஐந்து மீட்டராவது வேண்டும், மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ வரும். அந்தச் சங்கிலி தரையில் கிடந்து நங்கூரத்தின் தண்டைத் தாழ்த்திப் பிடிக்கும், அதாவது ஏர்க்காலைத் தாழ்த்திக் கட்டும் வேலையைச் செய்யும். பாறையில் உரசினாலும் அறுபடாது. அதற்கு மேல் நைலான் கயிறு. நைலான் இழுபடும், அலை தூக்கிப் போடும்போது அந்த வெட்டை வாங்கிக்கொள்ளும். கடையில் நீலமாகவும் பச்சையாகவும் மலிவாகக் கிடைக்கிற பாலிபுரொப்பிலீன் கயிறு வேண்டாம். அது மிதக்கும். மிதக்கிற கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

நீளக் கணக்குக்கு வருவோம். ஆழத்தை மட்டும் எடுக்கக் கூடாது. ஆழம் மூணு மீட்டர், தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் முன்முனை ஒரு மீட்டர், ஏற்றத்தில் தண்ணீர் இன்னும் ஒரு மீட்டர் வரை கூடலாம், ஆக அஞ்சு. அதை ஏழால் பெருக்குங்கள், முப்பத்தஞ்சு மீட்டர். மூணு மடங்கு மட்டும் விட்டால், இறுகி நிற்கும்போது கயிறு தரையோடு இருபது டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான கோணத்தில் இருக்கும். ஏழு மடங்குக்கு எட்டு டிகிரி. (ஸைன் டேபிள் எங்கே பயன்படும் என்று கேட்ட மாணவருக்கு இது.) சாப்பிட நிறுத்துகிற நேரத்துக்கு, காற்றில்லாத போது, அஞ்சு மடங்கே போதும். காற்று வலுத்தால் பத்து வரைக்கும் விடுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் அழுத்தம் நாலு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம். இடம் நெருக்கடியாக இருக்கிறது, இவ்வளவு கயிறு விட்டால் பக்கத்துப் படகில் மோதும் என்றால், வேறு இடம் பார்க்க வேண்டுமே ஒழியக் கயிற்றைக் குறைக்கக் கூடாது.

போடும்போது கையை ஆட்டித் தூக்கி வீசுவது சினிமாவுக்கு அழகு. சங்கிலி நங்கூரத்தின் மேலேயே குவிந்து சுற்றிக்கொள்ளும். காற்றையோ நீரோட்டத்தையோ, எது வலுவோ அதைப் பார்த்து முன்முனையை வைத்து, படகு நின்ற பிறகு மெதுவாக இறக்குங்கள். அடியைத் தொட்டதும் படகு தானாகப் பின்னால் போகும், போகப் போகக் கயிற்றை விடுங்கள். முழு நீளமும் போனதும் கட்டிவிட்டு எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டுங்கள். ஏர் பூட்டியதும் மாட்டை ஒரு தட்டுத் தட்டுவது போல. பிச்சாவரம் மாதிரி இளஞ்சேற்றில் உடனே இழுக்காமல் கால் மணி நேரம் விட்டுவிட்டு இழுத்தால் நங்கூரம் தானே அமிழ்ந்து, கீழே இருக்கிற கெட்டிச் சேற்றைப் பிடிக்கும். சாத்தனூர் மரம் ஞாபகம் இருக்கிறதா? சேற்றுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.

பிடித்ததா இல்லையா என்பதைக் கயிற்றில் கை வைத்துப் பார்க்கலாம். நன்றாகப் பிடித்திருந்தால் கயிறு இறுகும், தளரும், அவ்வளவுதான். நங்கூரம் இழுபட்டால் கயிறு வழியாகத் தடதடவென்று ஓர் அதிர்வு வரும், நாடி பார்க்கிற மாதிரி. பிறகு கரையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இருக்கிற இரண்டு பொருளைப் பிடியுங்கள். ஜெயங்கொண்டம் பக்கம் போகிறவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தை ஒரு பனைமரத்தோடு நேர்கோட்டில் வைத்துப் பார்த்திருப்பீர்கள், பத்தடி நகர்ந்தாலே பனை விலகிவிடும். அதே வேலைதான். மரமும் கோபுரமும் விலகினால் படகு நகர்கிறது. ஆனால் முகத்துவாரத்தில் நீரோட்டம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் திரும்பும். அப்போது படகு சுற்றி வந்து நங்கூரத்தை எதிர்ப்பக்கமாக இழுக்கும். அந்த நேரத்தில் மட்டும் யாராவது ஒருவர் தூங்காமல் இருக்க வேண்டும்.

கொள்ளிடத்தில் படகு விடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே ஏற்ற இறக்கம் கிடையாது, ஒரே திசை இழுப்பு, அடியில் நகர்கிற மணல். மேலே தண்ணீர் திறந்துவிட்டால் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும், ஏழு மடங்காக விட்ட கயிறு உங்களுக்குத் தெரியாமலே நாலு மடங்காகிவிடும். 1836-ல் கட்டின அணைக்கரைக் கீழணைக்கு மேல்புறம் எஞ்சின் நின்றால் தண்ணீர் உங்களை மதகைப் பார்த்துத்தான் கொண்டுபோகும். அந்த மாதிரி இடத்தில் நங்கூரம் மூலையில் சாக்குக்கு அடியில் இருக்கக் கூடாது. முன்பக்கத்தில், கயிறு சுருள் பிரிந்து ஓடத் தயாராக, மறுமுனை படகில் கட்டப்பட்டு இருக்க வேண்டும். மறுமுனையைக் கட்டாமலே நங்கூரத்தைக் கடலுக்குத் தானம் செய்தவர்களை நான் மூன்று பேர் பார்த்திருக்கிறேன். ஒருவர் நன்றாகப் படித்தவர்.

எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பின்பக்கத்திலிருந்து நங்கூரம் போடாதீர்கள். சின்னப் படகின் பின்பக்கம் தாழ்வு, எஞ்சின் கனமும் அங்கேதான். நங்கூரம் அதை இன்னும் கீழே இழுத்துப் பிடிக்க, வருகிற அலை நேராக உள்ளே ஏறும். இரண்டு அலை போதும். மீன் பிடிக்க வசதி என்று பின்னால் கட்டி உட்கார்ந்து, படகோடு போனவர்கள் உலகம் பூராவும் உண்டு. முன்முனை அலையைப் பிளக்கத்தானே கூராகச் செய்திருக்கிறது, அதைத்தான் அலைக்குக் காட்ட வேண்டும்.

முன்முனையில் ஒரு கத்தியும் இருக்கட்டும். 1760 டிசம்பர் 31 இரவு புதுச்சேரிக்கு எதிரே ஆங்கிலேயக் கப்பற்படை நங்கூரமிட்டு முற்றுகையில் நின்றது. புயல் வந்தது. தளபதி ஸ்டீவன்ஸ் தன் கப்பலின் நங்கூர வடத்தை வெட்டிவிட்டு ஆழ்கடலுக்கு ஓடினார், பிழைத்தார். நங்கூரத்தை நம்பி நின்ற கப்பல்களில் மூன்று மூழ்கின, இன்னும் சில கரையில் மோதின. விடிந்தால் புத்தாண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நம் பதினெட்டு அடிப் படகுக்கு ஆழ்கடலுக்கு ஓடுகிற வழியும் கிடையாது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் படகைக் கரையில் இழுத்துப் போட வேண்டியதுதான். ஆனால் நங்கூரம் பாரில் மாட்டி, தண்ணீர் ஏறி, முன்முனை அமிழத் தொடங்கினால், முடிச்சு அவிழ்க்க நேரம் இருக்காது. ஐயாயிரம் ரூபாய் நங்கூரம் போகிறதே என்று யோசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், அதன் தலையில் ஒரு மெல்லிய கயிறும் மிதவையும் முன்கூட்டியே கட்டியிருந்தால் மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

மணியாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த மேஜை மேல் ஒரு கலப்பை நங்கூரமும் ஒரு கொக்கி நங்கூரமும் சங்கிலியோடு கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வெளியே மைதானத்தில் தோட்டக்காரர் தண்ணீர் விட்ட இடம் ஈரமாக இருக்கிறது, காலையிலேயே அனுமதி வாங்கிவிட்டேன். சாப்பிட்ட பிறகு வருகிற மாணவர்கள் கயிற்றை முதலில் தோள் உயரத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள், அப்புறம் தரையோடு படுக்க வைத்து இழுத்துப் பாருங்கள். இரண்டாவது தரம் ஒரு ஆளால் முடியாது, நாலு பேராக வாங்க.